ஜுரம் வந்த வழி

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் ரகுராம் ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்து, மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இரண்டு பேப்பர் போயிருந்தது உண்மைதான். ஆனால் அதற்காகத்தான் படுத்தான் என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை, குளிக்கப் பிடிக்கவில்லை, மனிதர் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று.

பெங்களூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா சேஷகிரி, டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அம்மா ஜகதாம்பாள் வாராவாரம் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய் அவன் பேரில் அர்ச்சனை செய்தாள். இரண்டுக்கும் அசையாதவனை அசைத்தது அக்கா ஸ்ரீலக்ஷ்மிதான். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாங்கில் வேலை. ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக மாடியேறிப் போர்வையை உருவித் தரையில் போட்டாள்.

"எழுந்திரு. மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"முடியலைக்கா. யாராவது பார்த்து, ஏதாவது கேப்பா."

"அப்போ நடக்காதே, ஓடு. ஓடறவனை யாரும் நிறுத்திப் பேச மாட்டா. நான் ஸ்கூட்டியில கூடவே வரேன்."

அன்று அவன் காக்ஸ் டவுன் மார்க்கெட்டைக்கூட எட்டவில்லை. சர்ச் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவள் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நாளைக்கு இதைத் தாண்டிப் போய் வாந்தி எடு" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அப்படித் தொடங்கிய ஓட்டம் நிற்கவில்லை. போன பேப்பர்களை எழுதி முடித்தான். எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தான். ஐயாயிரம் மீட்டர் பந்தயத்தில் யூனிவர்சிட்டி அணிக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அணியில்தான் ஹரிஷ்குமார் பழக்கமானான். ஜீவனஹள்ளிக்காரன். அவன் அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவர் முதல் ஷிப்டுக்குப் புறப்படும் நேரத்திலேயே மகனும் எழுந்து, ரயில் பாலத்தைத் தாண்டி ரகுராம் வீட்டு வாசலில் வந்து விசில் அடிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவார்கள். ஓடாத நாளில் ரகுராமின் முகமே வேறாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

இதற்கிடையில் ஸ்ரீலக்ஷ்மி கல்யாணம் ஆகிப் புனே போய்விட்டாள். மாப்பிள்ளை வைத்தீஸ்வரன் மாயவரத்துப் பையன், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. தாய் தகப்பன் இல்லை. ஒரே அண்ணா, அவரும் துபாயில். அதிகம் பேச மாட்டான். பந்தியில் யாராவது "இன்னும் கொஞ்சம்" என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத் திண்டாடுகிற ரகம். ஜகதாம்பாளுக்கு அவனை ரொம்பவும் பிடித்துப்போனதற்கு அதுவே ஒரு காரணம்.

2009ஆம் வருஷம் ஸ்ரீலக்ஷ்மி பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் பன்றிக் காய்ச்சலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் இறந்துபோனாள் என்று டிவியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தச் சானலைத் திருப்பினாலும் முகமூடி கட்டிய ஜனங்கள்தான். ஜகதாம்பாள் அன்றைக்கே கணவரைப் புனேக்கு விரட்டினாள்.

"ஒன்பதாம் மாசம் வரட்டும்னு காத்துண்டிருக்க வேண்டாம். கொழந்தையைக் கையோட அழைச்சுண்டு வந்துடுங்கோ. நம்மாத்துல பத்திரமா இருப்பா."

சேஷகிரி போய் மகளை அழைத்து வந்தார். பெரிய வயிற்றோடு அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டு டோரதி டீச்சர் தன் வீட்டு கேட்டில் நின்றபடியே, "லக்ஷ்மி, நடந்து வர்றியா, உருண்டு வர்றியா?" என்று கேட்டார். தெருவே கேட்கும்படி லக்ஷ்மி சிரித்தாள்.

அடுத்த வாரமே பெங்களூருக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பின்னாலேயே ரகுராமின் காலேஜையும் மூடினார்கள். ஹாஸ்டல் பையன்கள் பெட்டி தூக்கிக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மெடிக்கல் ஷாப்பில் முகமூடி கிடைக்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஜனங்கள் பஸ்ஸில் போனார்கள். ரகுராமும் ஹரிஷும் மைதானத்துக்குப் போனபோது வாட்ச்மேன், "ரஜா இதெயப்பா, யாரூ ஒளகே ஹோகங்கில்லா" என்று, லீவு, யாரும் உள்ளே போகக் கூடாது என்பதைக் கன்னடத்தில் சொல்லி, பூட்டைக் காட்டித் திருப்பி அனுப்பினார். கோச் போனில், "வீட்டிலேயே ஸ்கிப்பிங் போடுங்கள், உடம்பை விட்டுவிடாதீர்கள், அக்டோபரில் யூனிவர்சிட்டிப் பந்தய மீட் இருக்கிறது" என்றார். அவர்களோடு ஓடிக்கொண்டிருந்த மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒருவன் நாள் முழுக்கத் தூங்குவதாகச் செய்தி அனுப்பினான். இன்னொருவன் போனையே எடுக்கவில்லை. ஹாசனுக்குப் போன பெண் ஒருத்தி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் யாரும் பார்க்காதபோது ஓடுவதாகவும், பார்த்தால் பைத்தியம் என்று சொல்வார்கள் என்றும் எழுதியிருந்தாள்.

இரண்டு நாள் வீட்டிலேயே இருந்ததில் ரகுராமுக்குப் பழைய அறை, பழைய போர்வை எல்லாம் தன்னைக் கூப்பிடுவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் காலை ஹரிஷின் விசில் கேட்டதும் ஷூவை மாட்டினான்.

"எங்கேடா கெளம்பிட்டே?" ஜகதாம்பாள் சமையலறையிலிருந்து வந்தாள். "ஊர்ல என்ன நடக்கறதுன்னு தெரியுமோல்லியோ? ஆத்துல புள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்கா."

"தெருவுல ஓடறேன்மா. யாரையும் தொடப் போறதில்லை."

"கூட ஒருத்தன் வரானே, அவன் மூச்சு விடாமயா ஓடறான்?"

சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஸ்ரீலக்ஷ்மிதான் குறுக்கே வந்தாள். "போகட்டும்மா. அவன் ஓடாம ஆத்துல இருந்தா என்ன ஆவான்னு மறந்துபோச்சா? எனக்கு ஞாபகம் இருக்கு. ரகு, போயிட்டு வந்து நேரா பாத்ரூம் போ, சோப்புப் போட்டுக் குளி, அப்புறம் என்கிட்ட வா. அவ்வளவுதான்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அவன் ஓடினான். தினமும் ஓடினான். ஹரிஷ் அந்த வாரம் கொஞ்சம் இருமினான். "தூசி மச்சா, பாலத்தாண்ட ரோடு தோண்டிட்டிருக்கானுங்க, வுடு" என்றான். ரகுராமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு வைத்தீஸ்வரன் வந்தான். வருவதாக முன்னால் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து நின்றான். இளைத்திருந்தான். ஜகதாம்பாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொழுக்கட்டை, சுண்டல், வடை என்று அடுப்பை அணைக்காமல் நின்றாள். மாப்பிள்ளை வழக்கத்துக்கு மாறாக எதிலும் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு போதும் என்றான். ஸ்ரீலக்ஷ்மிக்குப் பக்கத்தில் உட்காராமல் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவளோ நாற்காலியையே இழுத்துக்கொண்டு அவனிடம் போய், வயிற்றில் குழந்தை உதைப்பதைக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் புறப்பட்டுப் போனான்.

செவ்வாயன்று ஓடிவிட்டு வந்த ரகுராமுக்கு உடம்பு வலித்தது. மத்தியானத்துக்குள் ஜுரம் கொதித்தது. மாடியறையிலேயே இருந்தான். அம்மா கஷாயத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். டாக்டரிடம் போகலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் நாள் ஜுரம் விட்டுவிட்டது. ஸ்ரீலக்ஷ்மி அந்த நாட்களில் மாடிப்படியின் பாதி வரை ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, அவனோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். "கிட்ட வராதேக்கா" என்று அவன் உள்ளேயிருந்து கத்துவான். "வரலைடா, சும்மா கத்தாதே, வயத்துக்குள்ள இருக்கறவன் பயந்துக்கப் போறான்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஜுரம் வந்தது.

குடும்ப டாக்டர் பார்த்தவுடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து அனுப்பினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பன்றிக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தபோது அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற ரகுராமைப் பார்த்து, கையால் ஓடுவதுபோல விரல்களை அசைத்துக் காட்டினாள். காலையில் ஓடினாயா என்று கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஆமாம் என்று பொய்யாகத் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள். அவள் மறுபடி கண் திறக்கவில்லை.

வைத்தீஸ்வரன் வந்து சேர்ந்த இரவே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு பாவாடை நாடா அளவுக்குக் கை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். குழந்தைக்கு ஜுரம் தொற்றவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. "தாயும் தப்பிடுவா, பாருங்கோ, அம்பாள் ஒண்ணைக் காப்பாத்தியிருக்கா, இன்னொண்ணையும் காப்பாத்துவா" என்று ஜகதாம்பாள் வருகிற போகிற நர்ஸிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் கன்னடமோ மலையாளமோ பேசுகிறவர்கள். தலையை மட்டும் அசைத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்ரீலக்ஷ்மி இறந்துபோனாள். இருபத்தேழு வயது.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முழுக்கச் சுற்றித்தான் கொடுத்தார்கள், முகம் மட்டும் சிறிது நேரம் தெரிந்தது. மின்மயானத்துக்கு அப்பா, வைத்தீஸ்வரன், ரகுராம், வாத்தியார் ஆகிய நாலு பேர்தான் போனார்கள். வாத்தியார் மந்திரத்தை வேகமாகச் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். ஊரில் சொந்தம் என்று எத்தனையோ பேர். எல்லோரும் போனில் அழுதார்கள். வந்தது டோரதி டீச்சர் ஒருவர்தான். பிளாஸ்கில் காபியும் ஒரு பாத்திரத்தில் ரசம் சாதமும் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் ஜகதாம்பாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "முகமூடி கட்டிக்கோங்கோ டீச்சர்" என்று சேஷகிரி சொன்னதற்கு, "இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

ஜகதாம்பாள் மகனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள், கூடத்தில் அவன் ஷூவைக் கண்டவள், அதைக் காலால் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பத்து நாள் நீ ஓடாம இருந்திருக்கப்படாதா?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், சாதம் போடுவாள், நகர்ந்துவிடுவாள். சேஷகிரி ஒரு தடவை, "ஜகதா, அவன் வேணும்னா கொண்டுவந்தான்?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கல்லூரி திறந்தது. ரகுராம் போகவில்லை. ஹரிஷ் விசில் அடிக்க வரவில்லை. அக்டோபர் மீட்டுக்கு ஆள் வேண்டும் என்று கோச் இரண்டு முறை கூப்பிட்டார், அப்புறம் வேறு பையனைச் சேர்த்துக்கொண்டார். மாடியறையின் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இந்த முறை போர்வையை உருவ யாரும் இல்லை. கால்கள் மெலிந்து, வயிறு தொளதொளத்து, படியேறினாலே மூச்சு வாங்கியது. கீழே குழந்தை வந்து சேர்ந்த சத்தம் கேட்டது, அழும் சத்தம் கேட்டது, அம்மா தாலாட்டும் சத்தம் கேட்டது. அவன் இறங்கிப்போய்ப் பார்ப்பான், ஓரமாக நிற்பான், திரும்பி வந்துவிடுவான்.

வைத்தீஸ்வரன் கம்பெனியில் கேட்டு பெங்களூர் கிளைக்கு மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே இருந்தான். ஜகதாம்பாள் மகளுக்கு வைத்திருந்த பிரியத்தையெல்லாம் அவன் மேலும் குழந்தை மேலும் கொட்டினாள். அவன் ஆபீசிலிருந்து வரும் வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவன்தான் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். "தாயில்லாக் கொழந்தைக்குத் தகப்பன் கை பழகணும்" என்பாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் குழந்தையின் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த வைத்தீஸ்வரன் அறைக் கதவைத் தட்டினான்.

"ரகு, கொஞ்சம் வெளியில வாயேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். வைத்தீஸ்வரன் ஈரத்துணி ஒன்றைப் பிழிந்துகொண்டே இருந்தான். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவது எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"நான் சதுர்த்திக்கு வந்தேனே, அதுக்கு முந்தின வாரம் எனக்கு ஜுரம். ஆபீஸ்ல பக்கத்து சீட்காரனுக்கு டெஸ்ட்ல அதுதான்னு வந்துடுத்து. எங்க டீம் பூரா ஆத்தை விட்டு வெளியில போகப்படாதுன்னு சொல்லிட்டா. எனக்கு ரெண்டு நாள்ல விட்டுடுத்து. சரியாப் போயிடுத்துன்னு நெனச்சேன். அங்க தனியா இருக்க முடியலைடா. சாப்பாட்டுக் கடையெல்லாம் மூடிட்டான், பேச ஆள் இல்லை. அவளைப் பார்த்துட்டு வந்துடலாம்னு பஸ் ஏறிட்டேன்."

"அக்காக்குத் தெரியுமா?" என்றான் ரகுராம்.

"வந்த அன்னிக்கே சொன்னேன். கிட்ட வராதேன்னேன். கேக்கலை. 'அம்மா காதுல போட்டுடாதீங்கோ, அடுத்த பஸ்லயே உங்களைத் திருப்பி அனுப்பிடுவா'ன்னு சிரிச்சா." பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "நான்தான் கொண்டுவந்தேன் ரகு. நீ இல்லை."

அந்தக் கணத்தில் ரகுராமின் மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. கீழே ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்தான். மூன்று மாதமாகத் தூங்காத முகம். தான் இறக்கி வைத்ததை இவன் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று புரிந்தபோது, வந்த சந்தோஷத்தை நினைத்து அவனுக்கே கூசியது.

"இன்னிக்கே உங்க அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்" என்றான் வைத்தீஸ்வரன். "அவா உன்னை நடத்தறதைப் பார்த்துண்டு, அவா கையால சாதம் வாங்கிச் சாப்பிட என்னால முடியலை."

கீழே பின்கட்டில் ஜகதாம்பாள் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னமோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி போன பிறகு அவள் வாயிலிருந்து பாட்டு வருவது அந்தக் குளியல் நேரத்தில் மட்டும்தான்.

"மாப்பிள்ளை! வெந்நீர் ஆறிண்டிருக்கு, வாங்கோ" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

ரகுராம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"வேண்டாம் அத்திம்பேர். சொல்லாதீங்கோ."

"என்னடா இது?"

"என்கிட்ட அம்மா எத்தனை நாள் பேசாம இருப்பா? நான் அவ பெத்த பிள்ளை. என்னிக்கோ ஒரு நாள் பேசித்தான் ஆகணும். உங்களை அப்படி ஆத்துல வெச்சுக்க அவளால முடியாது. உங்களாலயும் இருக்க முடியாது. பாப்பாவைத் தூக்கிண்டு எங்க போவேள்? இல்லை, அவளை இங்க விட்டுட்டுத் தனியாப் போவேளா?"

"அதுக்காக நீ ஏன்..."

"யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு யாரால சொல்ல முடியும்? ஹரிஷ் இருமிண்டிருந்தான். நான் ஊர் பூரா ஓடினேன். டாக்டரைக் கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவார். நானா இருக்கலாம், நீங்களா இருக்கலாம். அம்மாக்கு யாராவது ஒருத்தர் வேணும். அது நானாவே இருந்துட்டுப் போறேன்." பிறகு மெதுவாக, "அக்காவும் சொல்ல வேண்டாம்னுதானே சொன்னா" என்றான்.

வைத்தீஸ்வரன் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டான். கீழேயிருந்து மறுபடி கூப்பிடும் குரல் வந்தது. ரகுராம்தான் குனிந்து, "இதோ வரார்மா" என்று பதில் சொன்னான்.

மறுநாள் காலை ரகுராம் ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். தெருக்கோடி வரை ஓடினான், முடியவில்லை. நடந்தான், மறுபடி ஓடினான். ஜீவனஹள்ளிப் பாலத்துக்கு வந்தபோது கால் பின்னியது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். அக்காவுக்காக அவன் இதுவரை அழவில்லை. வீட்டில் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அங்கே, பால் வண்டியும் பள்ளிக்கூட ஆட்டோவும் போகிற பாதையில், வாய்விட்டு அழுதான்.

கடைக்குப் பால் வாங்க வந்த ஹரிஷ் அவனைப் பார்த்து நின்றான். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உன் மூஞ்சில முழிக்கவே பயமா இருந்துச்சு மச்சா. நான்தான் இருமிட்டே உன்கூட ஓடினேன். எங்கம்மாவும் அதையே சொல்லிச் சொல்லி அழுவுது. நானும் ஓடறத வுட்டுட்டேன்."

ரகுராம் சட்டையால் முகத்தைத் துடைத்தான். "நீ இல்லைடா."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"தெரியாது. ஆனா நீ இல்லை. நாளைக்கு வந்து விசில் அடி. அம்மா ஏதாவது சொன்னா காதுல போட்டுக்காதே."

ஹரிஷ் வந்தான். விசில் அடிக்கவில்லை, கேட்டுக்கு வெளியே பேசாமல் நின்றான். இருவரும் முதலில் நடந்தார்கள், பிறகு மெல்ல ஓடினார்கள். முன்னெல்லாம் ஓடி முடித்தால் ரகுராமுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவும். அது வரவில்லை. ஆனால் அன்று மத்தியானம் பசித்தது. அந்த வாரக் கடைசியில் கிளாசுக்குப் போனான். வருகைப் பதிவு குறைந்துபோனதால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருஷம் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

பொங்கல் கழிந்து சேஷகிரியின் அக்கா மரகதம் மைசூரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தாள். துக்கத்துக்கு வராததற்குக் கால்வலியைக் காரணம் சொன்னாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "எப்படிடி வந்தது அவளுக்கு? ஆத்தை விட்டே வெளியில போகலையேடி" என்று ஜகதாம்பாளைக் கேட்டாள்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். வைத்தீஸ்வரன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். ரகுராம் வாசல்படிக்குப் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ எங்க போனா? போனவன் இதோ உட்கார்ந்திருக்கானே" என்றாள் ஜகதாம்பாள். "வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுண்டேன். ஓட்டம் ஓட்டம்னு போய் எங்கேர்ந்தோ வாரிண்டு வந்தான். இவனுக்கு மூணு நாள்ல போயிடுத்து. அவளைத் தூக்கிண்டு போயிடுத்து."

வைத்தீஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா..." என்று வாயைத் திறந்தான். ரகுராம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். லேசாகத் தலையை அசைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, சக்கரை போதலையா?" என்றாள் ஜகதாம்பாள்.

வைத்தீஸ்வரன் டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டான். "போதும்மா" என்றான்.

மரகதம் ரகுராமை ஒரு பார்வை பார்த்து, "ம்ச்" என்றாள். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனான். படியில் ஏறும்போது முதுகு எரிந்தது. ஆனால் அறைக் கதவை அவன் சாத்தவில்லை.

அடுத்த நாள் விடிந்து பனி விலகாத வேளையில் ரகுராம் கேட்டைத் திறந்தபோது, வைத்தீஸ்வரன் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஆபீஸ் பேண்ட், ஆபீஸ் ஷூ.

"நானும் வரட்டுமா?"

"ஓட முடியுமா அத்திம்பேர்?"

"முடியாது. நடக்கறேன். நீ ஓடிட்டு வா, நான் பின்னாடியே வரேன்."

ரகுராம் ஹரிஷுக்குப் போன் பண்ணி, இன்றைக்கு நீ ஓடிக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தீஸ்வரனோடு நடந்தான். மார்க்கெட்டில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சர்ச்சைத் தாண்டினார்கள். கொஞ்ச தூரத்திலேயே வைத்தீஸ்வரனுக்கு மூச்சிரைத்தது, நின்று நின்று வந்தான். திரும்புகிற வழியில் வைத்தீஸ்வரன் நடுத்தெருவில் நின்று, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னிக்காவது ஒரு நாள் சொல்லத்தான் போறேன் ரகு. பாப்பா பெரியவளானதும். உங்க அம்மாகிட்ட இல்லேன்னாலும், அவகிட்டயாவது" என்றான்.

"சொல்லுங்கோ. அப்ப நானும் கூட இருக்கேன்."

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜகதாம்பாள் தோளில் குழந்தையோடு கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தாள். மருமகனின் வேர்த்த முகத்தையும் சேறு படிந்த ஷூவையும் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

"அவரை எதுக்குடா இந்தப் பனியில இழுத்துண்டு போறே? ஒண்ணு போனது போதாதா நோக்கு?"

வைத்தீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தான். ரகுராம் அம்மாவின் கண்ணைப் பார்த்தான். அதில் இருந்தது கோபம்தான், அதற்குக் கீழே இருந்தது பயம். இன்னும் யார் யாரை எடுத்துக்கொண்டு போகுமோ என்கிற பயம்.

"நாளையிலேர்ந்து ஸ்வெட்டர் போட்டுண்டு போறோம்மா" என்றான்.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சமையலறைக்குப் போனாள்.